தங்கப்பழம் அமர்த்தாத ஏசி

எங்கள் ஊரில் ஒரு வெள்ளை அம்பாசடர் நின்றது. நாலு வருஷம் அதன் ஏசி நிற்காமல் ஓடியது, சாவியை எடுத்த பிறகும் ஓடியது, பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்த பிறகும் ஓடியது, டீசல் வற்றி டாங்கியின் வாயில் சிலந்தி வலை கட்டிய பிறகும் ஓடியது. இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொள்வார்கள். நம்பச் சொல்லி நாங்கள் யாரையும் கெஞ்சியதில்லை. வெயிலும் எங்களுடையது, குளிரும் எங்களுடையது, இதில் அடுத்தவருக்கு என்ன வந்தது.

சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவில், மழை வழி தெரிந்தும் வராமல் போகிற இடத்தில் இருக்கிறது எங்கள் ஆலங்கிணறு. பேரில்தான் ஆலும் உண்டு கிணறும் உண்டு. ஊரில் பாதிப் பேருக்குப் பட்டாசு வேலை. மருந்து இருக்கிற ஷெட்டுக்குள் கரண்டு கிடையாது, ஃபேன் கிடையாது, ஒரு பொறி போதும் என்பதால் தலையில் கொண்டை ஊசிகூடக் கிடையாது. காலையில் போகிற பெண்கள் சாயங்காலம் வரை தகரத்துக்குக் கீழே வெந்துவிட்டு வருவார்கள். அப்படி வெந்து வந்தவர்களில் ஒருத்திதான் சண்முகக்கனி. அவளுடைய புருஷன் தங்கப்பழம் அந்த அம்பாசடரை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார், கல்யாணம், காதுகுத்து, திருச்செந்தூர், எதற்குக் கூப்பிட்டாலும் போவார்.

ஒருநாள் வேலைவிட்டு வந்தவள் வியர்வையில் ஒட்டிய சேலையோடு காரில் சாய்ந்து நின்று, "ஏங்க, நம்ம வண்டிக்கு ஏசி மாட்டுனா என்ன?" என்று கேட்டாள். அவ்வளவுதான், மனுஷன் மதுரைக்கு ஓட்டிக்கொண்டு போய் மாட்டிவிட்டு வந்தார். வாடகைக்கு வருகிறவர்களுக்கென்று வெளியே சொல்லிக்கொண்டார், ஆனால் ஞாயிற்றுக்கிழமை தோறும் நாலு கண்ணாடியையும் ஏற்றிக்கொண்டு, இரண்டு பேருமாகச் சாத்தூர் ஆற்றுப் பாலம் வரை போய்த் திரும்பி வந்ததை ஊரே பார்த்தது. போகும்போது அவள் சுவிட்சைக் கடைசிவரை திருகி வைத்து, காற்று வருகிற ஓட்டையில் முகத்தைக் கொண்டுபோய் வைத்துக்கொள்வாள். குளிர் என்றால் அவளுக்கு உயிர். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும், தெரிந்திருந்ததால்தான் பின்னால் அந்தத் தப்பு நடந்தது.

ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மருந்து ஷெட்டில் தீப்பிடித்தது. மூன்று பேர் அங்கேயே போய்விட்டார்கள். ஆம்புலன்ஸ் முதல் நடை போயிருந்தது, சண்முகக்கனி மீதியிருந்தாள். தோட்டத்துக்கு ஓடி நீள வாழை இலையாக அறுத்து வந்து, காரின் பின்சீட்டில் விரித்து, அவளை அதில் கிடத்தினோம். முன்சீட்டில் அவளோடு வேலை பார்க்கும் முத்துப்பேச்சி, முழங்கை வரை வெந்த இரண்டு கைகளையும் ஏந்திக்கொண்டு ஏறினாள். தங்கப்பழம் சாவியைத் திருகினார். நாங்கள் கண்ணாடி வழியாகத் தலையை விட்டு, ஆளாளுக்கு ஒரே யோசனையைத்தான் சொன்னோம். ஏசியைப் போடு, நல்லாக் கூட்டி வை, மதுரை போய்ச் சேருகிறவரை அமர்த்தாதே, எரிகிற உடம்புக்குக் குளிர்ச்சிதான் மருந்து என்றோம். அப்படிச் சொன்னதில் நானும் உண்டு, இதை எழுதும்போது அது எனக்கு இன்னும் வலிக்கிறது.

வழியில் சண்முகக்கனி, "ஏங்க, குளிருதுங்க, அதை அமத்துங்க" என்றாள். தங்கப்பழம், "கொஞ்சம் பொறுத்துக்கோ கனி, மதுரை வந்திருச்சு" என்றார். மறுபடியும் சொன்னாள். அவர் இன்னும் வேகமாக ஓட்டினார். திருமங்கலம் தாண்டியதும் அவள் குரல் நின்றுபோனது, தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டு பெரியாஸ்பத்திரி வாசல் வரை ஓட்டிப் போனார்.

எல்லாம் முடிந்து, பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்கள்தான் அதைக் கவனித்தார்கள். வேப்பமரத்தடியில் நின்ற காரின் கண்ணாடி உள்ளே பனி பூத்திருந்தது. கதவைத் திறந்தால் மார்கழிக் காற்று. பின்சீட்டு வாழை இலை, அன்று அறுத்தது, அன்றைக்குப் போலவே பச்சையாகக் கிடந்தது. சாவியை எடுத்துப் பார்த்தோம், வயரைப் பிடுங்கிப் பார்த்தோம், பெல்ட்டை அறுத்தே பார்த்தோம். சுவிட்சைத் திருப்பிப் பார்க்கவில்லையா என்று யாரும் கேட்பார்கள். அதைத்தான் தங்கப்பழம் தொட விடவில்லை. அன்று ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது அதைக் கடைசிவரை திருகி வைத்தது அவருடைய விரல். "எதை வேணாலும் பிடுங்குங்கப்பா, அதுல மட்டும் கை வச்சிராதீங்க" என்றார். செத்தவள் வீட்டில் இவ்வளவு நடந்த பிறகு ஒரு சுவிட்சுக்காக யார் மல்லுக்கட்டுவது, விட்டுவிட்டோம்.

ஒரு வாரம் அதிசயமாக இருந்தது, ஒரு மாதத்தில் வசதியாகிப் போனது. டீக்கடைக்காரர் கலர் பாட்டில்களைக் கூடையோடு கொண்டுவந்து முன்சீட்டுக்குக் கீழே வைத்தார். பூக்காரப் பெண் கட்டிய மல்லிகையைக் கொண்டுவந்து வைத்தாள். முகூர்த்தத்துக்கு முன்னால் மாப்பிள்ளைகள் வந்து பவுடர் கலையாமல் கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். திருட்டுக் கரண்டாக இருக்குமோ என்று கரண்டு ஆபீசிலிருந்து ஒருவர் வந்தார், உள்ளே ஏறி அரை மணி நேரம் சோதனை போட்டார், அதில் இருபது நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு சோதனை போட்டார், இதற்குச் சட்டத்தில் இடமும் இல்லை தடையும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். பின்சீட்டில் மட்டும் யாரும் உட்காரவில்லை. யாரும் விலக்கி வைக்கவில்லை, கால் தானாகவே முன்கதவுக்குப் போனது.

பிறகுதான் அந்தப் பெண்கள் வரத் தொடங்கினார்கள். எங்கள் வட்டாரத்தில் ஊருக்கு நாலு பேர் தழும்போடு இருப்பார்கள், முகத்தில், கழுத்தில், கையில். தழும்புத் தோலுக்கு வேர்க்கத் தெரியாது. வேர்க்காத தோலுக்குள் வெயில் போனால் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே கிடந்து காந்தும். கத்திரி வெயிலில் அவர்கள் ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டு, சுவரில் கையைத் தேய்த்துக்கொண்டு, யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் பாத்திரத்தை வீசுவார்கள். அவர்கள் வந்ததும் மற்ற எல்லோரும் ஒதுங்கிக்கொண்டார்கள், டீக்கடைக்காரர் கூடையை எடுத்துக்கொண்டார், மாப்பிள்ளைகள் வேர்த்துக்கொண்டே தாலி கட்டினார்கள். உச்சிவெயில் நேரம் தழும்புக்காரப் பெண்களுக்கு என்று சொல்லாமலே ஆனது. முன்சீட்டில் மூன்று பேராக ஏறி, காற்று ஓட்டைக்கு நேரே கையைக் காட்டிக்கொண்டு, கண்ணை மூடி, ஸ்... என்று ஒரு மூச்சு விடுவார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்பதற்கென்றே தங்கப்பழம் பக்கத்தில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்கார்ந்திருப்பார்.

"கனி செய்யிற வேலைதான் இது" என்பார். "அவளுக்குக் கெடைச்ச குளிர்ச்சிய எல்லாருக்கும் குடுக்கா."

நாங்களும் ஆமாம் ஆமாம் என்றோம். அப்படி நம்புவது அவருக்கும் நல்லதாக இருந்தது, எங்களுக்கும் நல்லதாக இருந்தது. நாங்கள் சொன்ன யோசனை வீண் போகவில்லை என்று ஆனதல்லவா.

ஆனால் குளிர் ஏறிக்கொண்டே போனது. இரண்டாம் வருஷம் காருக்குள் பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. மூன்றாம் வருஷம் காற்று ஓட்டையில் பனிக்கட்டி கட்டியது, பெண்களால் கால் மணி நேரம் உட்கார முடியாமல் ஐந்து நிமிஷத்தில் இறங்கினார்கள். நாலாம் வருஷம் வாழை இலையின் மேல் வெள்ளையாக உறைபனி படர்ந்தது. அடியில் சொட்டிய தண்ணீரில் குருவிகள் குளித்தன, தவளை முட்டையிட்டது, தானாகக் கீரை முளைத்தது, காரின் தரை மட்டும் அப்பளமாகத் துருப்பிடித்து உதிர்ந்தது. ராத்திரி பகல் என்று இல்லாமல் ஓட்டுநர் சீட்டிலேயே குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு கிடந்த தங்கப்பழத்தின் விரல் நுனிகள் நாவல்பழ நிறத்துக்குப் போயின.

அந்தச் சித்திரையில் சாத்தூரிலிருந்து மெக்கானிக் செய்யதுவை வரவழைத்தோம். முப்பது வருஷமாகப் பழைய வண்டிகளோடு மாரடிக்கிற ஆள். அடியில் படுத்துப் பார்த்தார், பானெட்டைத் திறந்து பார்த்தார், வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"அண்ணாச்சி, பழைய வண்டிக்கு ஏசிங்கிறது கிழவன் தலையில நெல்லு மூட்டை மாதிரி. எஞ்சின் இன்னும் நல்லாத்தான் இருக்கு. ஏசியக் கழட்டித் தூரப் போட்டுட்டு, தரைக்குத் தகடு அடிச்சா இன்னும் பத்து வருசம் ஓட்டலாம். இல்லே, ஏசி இருக்கட்டும்னா இருக்கட்டும். அடுத்த கார்த்திகைக்கு வண்டி ரெண்டாப் பிளந்து உக்காந்துரும். ரெண்டுல ஒண்ணுதான். யோசிச்சுச் சொல்லுங்க."

ஊரே யோசித்தது. டீக்கடையில் வேறு பேச்சே இல்லை. வண்டி போனால் போகட்டும், காற்று இருக்கட்டும் என்றார்கள் சிலர். வண்டியே இல்லாமல் காற்று எங்கே தங்கும் என்று கேட்டார்கள் சிலர். ஏசியைக் கழற்றிப் பஞ்சாயத்து ஆபீசில் மாட்டலாம் என்று தலைவர் சொன்னபோது அவரை யாரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தழும்புக்காரப் பெண்கள் துண்டைப் போர்த்திய கைகளோடு காரைச் சுற்றி வந்து நின்றார்கள். அவர்களைப் பார்த்ததும் தங்கப்பழம் முடிவு சொல்லிவிட்டார்.

"கழட்ட வேண்டாம் பாய். வண்டி போனாப் போவுது. இந்தப் புள்ளைக எங்க போவும்? கனி என்னைய மன்னிக்க மாட்டா."

அதற்கு மறுநாள் உச்சிவெயிலில் முத்துப்பேச்சி வந்தாள். இரண்டு முழங்கையும் மடங்காமல், மெழுகு உருகி நின்ற மாதிரித் தோலோடு, நாலு வருஷமாக ஒருநாள்கூடத் தவறாமல் வருகிறவள் அவள். தீப்பிடித்த அன்றைக்குப் போலவே முன்சீட்டில் உட்கார்ந்தாள். தங்கப்பழம் ஓட்டுநர் சீட்டில் இருந்தார். கண்ணாடி கொஞ்சம் இறங்கியிருந்த பக்கம் நாங்கள் சிலர் நிழலுக்கு நின்றுகொண்டிருந்தோம், அதனால் கேட்டது.

"அண்ணாச்சி, அன்னைக்கி அக்கா எத்தனை தடவை சொன்னாக?"

என்ன சொன்னாள் என்று அவர் கேட்கவில்லை. "மூணு தடவை" என்றார்.

"நாலு. திருமங்கலத்துல ஒரு தடவை சொன்னாக. நீங்க ஹாரன் அடிச்சிக்கிட்டே இருந்தீங்க. ஒங்களுக்குக் கேக்கலே."

"ஜன்னியில சொன்னா பேச்சி. எரியிற ஒடம்பு எப்பிடிக் குளிரும்?"

"குளிரும் அண்ணாச்சி." அவள் கைகளைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "தோல் மூடுன பெறகுதான் இந்தக் காந்தல் எல்லாம். அன்னைக்கி தோல் உரிஞ்சு கெடந்த எடத்துல அந்தக் காத்து பட்டப்ப எனக்குப் பல்லு கிட்டிப் போச்சு. எனக்குக் கை மட்டுந்தான். அக்காவுக்கு ஒடம்பு பூராவும் அப்பிடி. ஜன்னி இல்லே அண்ணாச்சி. அவுகளுக்கு நெசமாவே குளிருச்சு."

தங்கப்பழம் குல்லாயைக் காதுக்கு மேலே ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"நானும் அமத்தச் சொல்லி வாயெடுத்தேன். ஊரே சொல்லி அனுப்புச்சே, நாம என்னத்தக் கண்டோம்னு வாய மூடிக்கிட்டேன்."

"நாலு வருசமா ஏந்தா சொல்லலே?"

முத்துப்பேச்சி காற்று ஓட்டைக்கு நேரே இருந்த கைகளை மெல்ல மடிக்கு இறக்கிக்கொண்டாள். "இந்தக் கைக்கு இந்தக் குளிரு வேண்டியிருந்துச்சு அண்ணாச்சி" என்றாள். அழுதாள். கண்ணீர் கன்னத்திலேயே உறைந்தது.

தங்கப்பழம் திரும்பிப் பின்சீட்டைப் பார்த்தார். நாலு வருஷத்தில் அவர் அந்தப் பக்கம் திரும்பி நாங்கள் பார்த்ததில்லை. இலையின் மேல் உறைபனி விரல்கடை உயரத்துக்கு ஏறியிருந்தது. "அவளுக்கு இன்னுமா குளிருது?" என்று கேட்டார். முத்துப்பேச்சியிடமா, எங்களிடமா, தெரியவில்லை. நாங்கள் ஒவ்வொருவராக அந்த இடத்தைவிட்டு நகர்ந்தோம்.

ஏசியைக் கழற்றிவிடச் சொல்லித் தங்கப்பழமே ஆள் அனுப்ப, வெள்ளிக்கிழமை செய்யது சாமான் பெட்டியோடு வந்தார். தழும்புக்காரப் பெண்கள் சுற்றுவட்டாரத்து எட்டு ஊரிலிருந்தும் வந்து, காலையிலேயே கடைசியாக ஒருமுறை கையைக் காட்டிவிட்டு, ஒருத்தி மாற்றி ஒருத்தி டேஷ்போர்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு இறங்கினார்கள். ஒருத்தியும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தங்கப்பழம் கேட்டிருப்பார், அது அவர்களுக்குத் தெரியும், அதனால்தான் சொல்லவில்லை.

செய்யது கம்ப்ரஸரைக் கழற்றினார், காற்று வந்தது. ரேடியேட்டருக்கு முன்னாலிருந்த கண்டன்ஸரைக் கழற்றினார், காற்று வந்தது. குழாய்களை அறுத்துச் சுருட்டி வைத்தார், கூலிங் காயிலை உருவி எடுத்து வேப்பமரத்தடியில் போட்டார், விசிறியைப் பிடுங்கினார், வெறும் ஓட்டையாக நின்ற டேஷ்போர்டிலிருந்து அப்போதும் காற்று வந்தது, முன்னைவிட அதிகமாகவே வந்தது. மொத்த ஏசியும் மண்ணில் பிணவறைச் சாமான் மாதிரிப் பரப்பிக் கிடக்க, காருக்குள் குளிர் குறையவே இல்லை. மிச்சம் இருந்தது அந்தச் சுவிட்ச் ஒன்றுதான், எந்த வயரும் இல்லாமல், கடைசிவரை திருகப்பட்டு.

"இனி என் வேலை இல்லே அண்ணாச்சி" என்றார் செய்யது. ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, தொழுகையில் நிற்பவர் மாதிரிக் கைகட்டி நின்றார்.

தங்கப்பழம் குல்லாயைக் கழற்றினார். காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தினார். கருத்த விரல்களால் சுவிட்சைப் பிடித்தார், அது அசையவில்லை, இரண்டு கையாலும் பிடித்தார். அவர் வாய் அசைந்தது தெரிந்தது. பிறகு அது திரும்பியது. சின்னச் சத்தம், விரலில் நெட்டி முறித்த மாதிரி, நாங்கள் அத்தனை பேரும் கேட்டோம்.

"அமத்திட்டேன் கனி" என்றார். "நேரமாயிருச்சு. அமத்திட்டேன்."

காற்று நின்றது. நாலு வருஷமாகக் காதில் ஓடிக்கொண்டிருந்த இரைச்சல் நின்றதும், ஊரில் இவ்வளவு காக்கைகள் இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. தங்கப்பழம் முன்சீட்டைத் தாண்டிப் பின்பக்கம் போய், இலையின் ஓரத்தில் உட்கார்ந்து, அதன் மேல் கையை வைத்துக்கொண்டார். நாலு கண்ணாடியும் ஏறியிருந்தது. மேலே கத்திரி வெயில். உறைபனி இளகி இலையிலிருந்து வழிந்தது, அவருடைய நெற்றியில் முதல் வேர்வை துளிர்த்தது, பிறகு சட்டை நனைந்தது, முகம் சிவந்தது. கதவைத் திறக்கச் சொல்ல வேண்டும், கண்ணாடியை இறக்கச் சொல்ல வேண்டும், தண்ணீர் குடிக்கச் சொல்ல வேண்டும் என்று எங்களுக்கு வாய் வரை வந்தது. ஒருமுறை அந்தக் கண்ணாடிக்குள் தலையை விட்டு நாங்கள் யோசனை சொன்னது போதும் என்று பேசாமல் நின்றோம்.

இலை மெல்ல வாடியது. ஓரம் சுருண்டது, நரம்பு தளர்ந்தது, நாலு வருஷப் பச்சையும் ஒரு மணி நேரத்தில் இறங்கி அது சருகாக ஆகும்வரை அவர் அதிலிருந்து கையை எடுக்கவில்லை. பிறகு கதவைத் திறந்து இறங்கினார். தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தார். "சீட்டு சுடுது பாய்" என்று செய்யதுவிடம் சொன்னார். சொல்லிவிட்டு, நாலு வருஷமாக அழாத அழுகையை வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு அழுது தீர்த்தார்.

செய்யது தரைக்குத் தகடு அடித்து, டீசல் ஊற்றி, பேட்டரி மாட்டிக் கொடுக்க ஐந்து நாளானது. பாரம் இறங்கிய எஞ்சின் ஒரே திருகில் பிடித்தது. அந்த ஐந்து நாளும் முத்துப்பேச்சி ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கிடந்தாள். ஆறாம் நாள் வெயில் ஏறுவதற்கு முன்னால் அவள் வீட்டு வாசலில் அம்பாசடர் வந்து நின்றது.

"கை எப்பிடி இருக்கு பேச்சி?"

"எரியத்தான் செய்யுது அண்ணாச்சி."

"ஏறு. பாலம் வரைக்கும் போயிட்டு வருவோம். ஓடுற வண்டியில காத்தாவது அடிக்கும்."

அவள் முன்சீட்டில் ஏறினாள். தங்கப்பழம் முன்பக்கத்து இரண்டு கண்ணாடிகளையும் அடிவரை இறக்கினார், அவள் மடங்காத இரண்டு கைகளையும் ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டாள். வண்டியை எடுக்கப் போனவர், நிறுத்திவிட்டு இறங்கி, பின்கதவைத் திறந்து, அங்கே யாரும் இல்லாத சீட்டுக்கு இரண்டு பக்கமும் இறங்கிக் கிடந்த கண்ணாடிகளை ஏற்றினார். முழுக்க ஏற்றினால் புழுங்கும் என்று, காற்று அதிகம் அடிக்காத அளவுக்குப் பாதி மட்டும் ஏற்றினார்.